சித்தூர் வக்கீல், டில்லி சபாநாயகர்
மாடபூசி அனந்தசயனம் அய்யங்காரின் தொழிலும் வாழ்வும்

டாக்டர் தொழிலைப் போலவே வக்கீல் தொழிலிலும் இன்று தனித்தனிப் பிரிவுகள் வந்துவிட்டன. ஒருவர் வருமான வரி வழக்கு மட்டுமே பார்ப்பார். இன்னொருவர் கம்பெனி வழக்குகளைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். வேலை நீக்கம், சம்பள பாக்கி, போனஸ் என்று தொழிலாளர் சட்டத்திலேயே ஊறியவர்களும் உண்டு. மும்பை, டில்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட பெரிய சட்ட நிறுவனங்களில் நல்ல பதவிகளில் இருக்கிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜில்லா கோர்ட் வக்கீலுக்கு அப்படித் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. காலையில் புரோ நோட்டு வழக்கு, பகலில் கூட்டு வியாபாரம் பிரிந்துபோன இருவரின் கணக்கு வழக்கு, மாலையில் ஜமீன் நிலத்துக் குடியானவனின் வாரத் தகராறு என்று எது வந்தாலும் நடத்தியாக வேண்டும். சாட்சியை விசாரிப்பது, குறுக்கு விசாரணை செய்வது, பழைய தீர்ப்புகளைத் தேடி எடுத்து வாதாடுவது எல்லாம் அவர் ஒருவரே. அந்த மொஃபஸல் பட்டறையில் உருவான ஒருவர்தான் சுதந்திர பாரதத்தின் பாராளுமன்றத்துக்கு இரண்டாவது சபாநாயகரானார். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்து சித்தூரில் தொழில் நடத்திய மாடபூசி அனந்தசயனம் அய்யங்காரே அவர்.

இவர் பெயரை ஸர் என். கோபாலஸ்வாமி அய்யங்காருடன் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. கோபாலஸ்வாமி அய்யங்கார் காஷ்மீர திவானாக இருந்து, பின் மத்திய மந்திரியாகி, 1953ல் காலமானவர். இருவரும் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர்கள் என்பதால் வந்த குழப்பம் இது. நாம் இங்கே பேசுவது வக்கீலாக இருந்து சபாநாயகரானவரைப் பற்றி.

பிறப்பும் படிப்பும்

1891ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி அனந்தசயனம் அய்யங்கார் பிறந்தார். பத்மாவதித் தாயார் சன்னிதி கொண்ட திருச்சானூர் அப்போது சென்னை ராஜதானியின் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவுக்குத் தலைநகரம் சித்தூர். 1911 ஏப்ரல் முதல் தேதி வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்துச் சித்தூர் ஜில்லா தனியாக ஏற்பட்டது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகி, திருச்சானூரும் அதில் சேர்ந்துவிட்டது. ஆக அவர் பிறந்த ஊர் ஒன்றே, அது இருந்த ஜில்லாவின் பெயர் மட்டும் மூன்று.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மயிலாப்பூர் வக்கீல்கள் சிலர் கூடித் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் என்ற தீர்ப்புப் பத்திரிகை பிறந்ததும் அதே 1891ல்தான். பிற்காலத்தில் மொஃபஸல் வக்கீல்களின் மேஜைகளை நிரப்பிய பத்திரிகை அது.

திருப்பதியில் தேவஸ்தான இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தவர், சென்னைக்குச் சென்று பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1912ல் கணித ஆசிரியராக வேலையில் அமர்ந்தார். 1913ல் சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டப் பட்டமும் கிடைத்தது. 1915ல் ஆசிரியர் வேலையை விட்டு முழுநேர வக்கீலானார்.

கணிதம் சொல்லிக் கொடுத்தவர் வக்கீலானதில் ஒரு நியாயம் இருக்கிறது. அறிவியல் படித்த என் போன்றவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு தேற்றத்தை நிரூபிக்கும்போது கொடுக்கப்பட்டது எது, நிரூபிக்க வேண்டியது எது, இடையில் உள்ள படிகள் எவை என்று வரிசையாக எழுத வேண்டும். ஒரு படி விடுபட்டால் முழுதும் சரியும். சிவில் வழக்கும் அப்படியே. வாதியின் மனு, பிரதிவாதியின் பதில், எழுவினாக்கள், சாட்சியம், சட்டம், முடிவு என்று போகும். நடுவில் ஒரு பத்திரம் நிரூபிக்கப்படாமல் போனால் வழக்கு தோற்கும்.

அக்காலச் சித்தூர் வக்கீலின் வேலை

அவர் தொழில் தொடங்கிய காலத்தின் சூழ்நிலையைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். பிற்காலத்து அனந்தசயனம் அய்யங்காரைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி.

சித்தூர் ஜில்லா தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பிரதேசம். தாய்மொழி ஒன்று, கட்சிக்காரரின் மொழி ஒன்று, கோர்ட் நடவடிக்கையின் மொழி ஆங்கிலம் என்று வக்கீல் மூன்றையும் கையாள வேண்டும். காளஹஸ்தி, கார்வேட்நகரம், புங்கனூர் போன்ற ஜமீன்கள் அங்கே பெரிய அளவில் இருந்தன. 1908ல் வந்த சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடியானவர்களுக்கு நிலத்தில் நிலையான உரிமையை உறுதி செய்திருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் பட்டா, வாரம், பாக்கி வசூல் சம்பந்தமான வியாஜ்யங்கள் ஏராளம்.

வியாபார வழக்குகளுக்கு 1872ன் ஒப்பந்தச் சட்டமும், 1881ன் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் ஆதாரம். கடனைத் தீர்க்க முடியாமல் திவாலானவர்கள் மனுச் செய்வதற்கு 1920ல் மாகாண திவால் சட்டம் வந்தது. கூட்டு வியாபாரத்துக்கென்று தனிச் சட்டம் 1932ல்தான் ஏற்பட்டது. ஆனால் இதற்கெல்லாம் சித்தூரில் தனித்தனி வக்கீல்கள் இல்லை. எல்லாவற்றையும் அதே வக்கீல்களே நடத்தினார்கள்.

வேலை கொடுப்பவர், வேலை செய்பவர் சம்பந்தப்பட்ட சட்டமோ இன்று நாம் கற்பனை செய்து பார்க்க முடியாத நிலையில் இருந்தது. 1859ல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத கூலியாளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, வேலைக்குத் திரும்பும்படி உத்தரவிடச் செய்யலாம். மீறினால் ஜெயில். ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் அவருக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்தச் சட்டம் 1925ல் ரத்து செய்யத் தீர்மானிக்கப்பட்டு 1926 ஏப்ரலில் மறைந்தது. அதற்குச் சற்று முன் 1923ல் வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடுக்கும் சட்டமும், 1926ல் தொழிற்சங்கச் சட்டமும் வந்தன.

1915ல் வக்கீலான ஒருவர் தம் தொழிலின் முதல் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள்ளேயே, கூலியாளை ஜெயிலுக்கு அனுப்பிய சட்டம் போய் அவனுக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுக்கும் சட்டம் வந்ததைக் கண்டார். சட்டம் என்பது கல்லில் வெட்டியதல்ல, மனிதர்கள் மாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

இந்தச் சூழ்நிலையில் சில ஆண்டுகளுக்குள் அனந்தசயனம் அய்யங்கார் முன்னணி வக்கீல்களில் ஒருவரானார். அவருக்கு இருந்த பெரிய மூலதனம் ஞாபகசக்தி. எந்த விஷயத்துக்கு எந்த ஹைகோர்ட் என்ன தீர்ப்புச் சொன்னது என்பதைப் புஸ்தகத்தைப் புரட்டாமலே சொல்லக்கூடியவர் என்றும், நடமாடும் தீர்ப்புத் தொகுதி என்றும் பெயர் வாங்கியிருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தட்டினால் தீர்ப்புகள் வந்து கொட்டும் இக்காலத்தில் இந்தத் திறமையின் மதிப்பு நமக்குச் சட்டென்று தெரியாது. மொஃபஸல் வக்கீலிடம் பெரிய நூலகம் இருக்காது. மாதாமாதம் வரும் தீர்ப்புப் பத்திரிகைகளைப் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டவருக்கே கோர்ட்டில் எழுந்து நிற்கத் தைரியம் இருக்கும்.

லண்டன் வரை நீண்ட வழக்கு

தொழிலில் சம்பாதிப்பதோடு அவர் நிற்கவில்லை. நீதி பரிபாலன முறையே சீர்திருந்த வேண்டும் என்று அந்நாளிலேயே எண்ணியவர். முக்கியமாக, இந்தியாவின் கடைசி அப்பீல் இந்தியாவிலேயே முடிய வேண்டும், அதற்கு இங்கேயே ஓர் உச்ச நீதிமன்றம் வேண்டும் என்பது அவர் கருத்து.

சித்தூர் ஜில்லாவில் நிலத் தகராறில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் முன்சீப் கோர்ட் அல்லது சப் கோர்ட். பிறகு ஜில்லா கோர்ட். அதற்கு மேல் சென்னை ஹைகோர்ட். வழக்கின் தொகை பெரிதாக இருந்தால் அதற்கும் மேல் லண்டனில் பிரிவி கவுன்சில். கப்பலில் போகும் காகிதங்கள், அங்குள்ள ஸாலிஸிடருக்கும் பாரிஸ்டருக்கும் கட்டணம், வருஷக்கணக்கில் காத்திருத்தல். பணம் உள்ளவன் கடைசிவரை போவான். இல்லாதவன் பாதியில் நிற்பான்.

1937 அக்டோபரில் டில்லியில் பெடரல் கோர்ட் தொடங்கியது. ஆனாலும் சாதாரண சிவில் அப்பீல்கள் லண்டனுக்கே போய்க்கொண்டிருந்தன. 1949ல் பிரிவி கவுன்சிலின் அதிகாரம் சட்டத்தால் முடிவுக்கு வந்து, 1950 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உதயமானது. அய்யங்கார் பல காலம் விரும்பியது இவ்வாறு நடந்தேறியபோது, அதை நிறுவிய அரசியல் நிர்ணய சபையில் அவரும் ஓர் உறுப்பினராக இருந்தார். எத்தனை வக்கீல்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

தொழிலை நிறுத்திய ஆண்டு

1920ல் மகாத்மா காந்தி ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கி, வக்கீல்கள் கோர்ட்டுகளைப் புறக்கணிக்க வேண்டும் என்றார். அனந்தசயனம் அய்யங்கார் 1921-22ல் ஓராண்டு காலம் தொழிலை நிறுத்தி வைத்தார்.

இதைப் படித்துவிட்டு ஓராண்டுதானே என்று தோன்றலாம். அவர் அப்போது தொழிலில் ஆறே ஆண்டு ஆனவர். 1919ல் விவாகமாகிக் குடும்பம் தொடங்கியிருந்தார். வக்கீலுக்கு மாதச் சம்பளமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. கட்சிக்காரர்கள் ஒரு வருஷம் வேறு வக்கீலிடம் போனால் திரும்பி வருவார்கள் என்ற உத்தரவாதமும் இல்லை. மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கியே பழகிய என் போன்ற சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு இதன் கஷ்டம் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். இயக்கம் நின்றபின் அவர் மறுபடி கோர்ட்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொழிலைக் கட்டி எழுப்பினார்.

தீண்டாமை ஒழிப்பிலும் ஹரிஜன ஆலயப் பிரவேசத்திலும் அவர் ஈடுபட்டார். திருச்சானூரில் பிறந்த ஒரு வைஷ்ணவர் அந்நாளில் இப்படி நிற்பது சுற்றத்தாரிடம் நல்ல பெயர் வாங்கித் தரும் காரியம் அல்ல. தனி நபர் சத்தியாக்கிரகத்திலும் 1942 இயக்கத்திலும் கலந்துகொண்டு சிறை சென்றார். கோர்ட்டில் கட்சிக்காரருக்காக நின்றவர் தாமே கைதியாக உள்ளே போனது அப்போதுதான்.

அசெம்பிளியில் ஓர் எம்டன்

1934ல் மத்திய சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம். ராயலசீமை ஜில்லாக்களும் சித்தூரும் சேர்ந்த தொகுதியில் காங்கிரஸ் சார்பில் நின்ற அய்யங்கார் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தச் சபையில் பூலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சியின் தலைவர், நம் தீரர் சத்தியமூர்த்தி துணைத் தலைவர். ஜின்னாவும் அதே சபையில் இருந்தார். எதிரே பிரிட்டிஷ் அதிகாரிகள் மந்திரிகளின் ஸ்தானத்தில் அமர்ந்து பதில் சொல்வார்கள்.

மொஃபஸல் கோர்ட்டில் கற்ற குறுக்கு விசாரணை அங்கே கைகொடுத்தது. கேள்வி நேரத்தில் அவர் தொடுத்த கேள்விகளும் பட்ஜெட் விவாதங்களில் புள்ளிவிவரங்களோடு பேசிய பேச்சுகளும் சர்க்கார் தரப்பைத் திணற அடித்தன. ஐரோப்பியர் ஒருவர் அவரை அசெம்பிளியின் எம்டன் என்று வர்ணித்தார். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய் டாங்குகளைக் குண்டு வீசி எரித்துவிட்டு மறைந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். அதன்பின் தமிழில் கெட்டிக்காரனை எம்டன் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. நம் வீடுகளிலும் பொல்லாத பேரனைத் தாத்தாக்கள் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கிருந்து குண்டு விழும் என்று தெரியாமல் அதிகாரிகள் தவித்ததால் அந்தப் பெயர் அவருக்கு மிகவும் பொருந்தியது.

வியாபாரம், தொழிலாளர் இரண்டையும் தொட்ட பல சட்டங்கள் அந்தச் சபையின் காலத்தில்தான் உருவாயின. 1936ன் கம்பெனிச் சட்டத் திருத்தம், அதே ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், 1938ன் இன்ஷூரன்ஸ் சட்டம் ஆகியவை அவற்றில் சில. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஏழாம் தேதிக்குள்ளும், மற்ற இடங்களில் பத்தாம் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுத்துவிட வேண்டும், இஷ்டப்படி அபராதம் பிடிக்கக் கூடாது என்பது சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் சாரம். சுதந்திரத்துக்குப் பின் 1948ல் தொழிற்சாலைச் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1952ல் பிராவிடண்ட் பண்டு சட்டம், 1956ல் புதிய கம்பெனிச் சட்டம் என்று வரிசையாக வந்தபோதும் அவர் சபையில் இருந்தார். 1956ன் கம்பெனிச் சட்டத்தின் இடத்தில் 2013ன் சட்டம் வந்துவிட்டது. பழைய தொழிலாளர் சட்டங்கள் 29ஐ நான்கு தொகுப்புகளாகச் சேர்த்து 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கியிருக்கிறார்கள். பெயர்கள் மாறினாலும் சம்பளம் உரிய தேதியில் கிடைக்க வேண்டும் என்ற நியாயம் மாறவில்லை.

கட்சிக்காரர் இல்லாத ஆசனம்

1948ல் அரசியல் நிர்ணய சபை சட்டமன்றமாகக் கூடியபோது அவர் துணை சபாநாயகரானார். அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, மத அடிப்படையில் அமைந்த ஸ்தாபனங்கள் மத, கலாசார, சமூகப் பணிகளைத் தவிர அரசியல் நடவடிக்கைகளில் இறங்க அனுமதிக்கக் கூடாது என்ற கருத்துடன் அவர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை ஏற்றது. மகாத்மா கொல்லப்பட்டு இரண்டு மாதங்களே ஆகியிருந்த நேரம் அது.

1950ல் சர்க்காரின் செலவுத் திட்டங்களை ஆராய மதிப்பீட்டுக் குழு ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். இலாகா அதிகாரிகளைச் சாட்சிகளாக அழைத்து, இந்தப் பணம் எதற்கு, இதைவிடக் குறைந்த செலவில் செய்ய முடியாதா என்று விசாரிக்கும் குழு அது. அரசாங்கப் பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும், பாராளுமன்றக் குழுவிலிருந்து கேள்விப் பட்டியல் வந்தால் ஆபீஸில் இரவு விளக்கு அணையாது. சாட்சியைக் கேட்டு உண்மையை வரவழைக்கும் வித்தையைச் சித்தூரில் பயின்றவர் அந்தக் குழுவுக்கு முதல் தலைவராக அமைந்தது நாட்டின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

1952 பொதுத் தேர்தலில் திருப்பதித் தொகுதியிலிருந்து லோக்சபைக்கு வந்து, அதன் முதல் துணை சபாநாயகரானார். சபாநாயகர் மவ்லங்கர் ஆமதாபாத் வக்கீல். இருவரும் கோர்ட்டிலிருந்து வந்தவர்கள். 1954 டிசம்பர் 18ஆம் தேதி ஒரு சோதனை வந்தது. சபாநாயகர் மவ்லங்கரை நீக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கொண்டுவந்த தீர்மானம் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அரசியல் சாசனத்தின் 96ஆம் பிரிவின்படி தம்மைப் பற்றிய தீர்மானத்துக்குச் சபாநாயகரே தலைமை வகிக்கக் கூடாது. ஆகவே அனந்தசயனம் அய்யங்கார் ஆசனத்தில் அமர்ந்து நடத்த வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் தாம் மதிக்கும் தலைவர், மறு பக்கம் குற்றம் சாட்டும் உரிமை பெற்ற உறுப்பினர்கள். இரு தரப்பும் பேசிய பின் தீர்மானம் தோல்வியுற்றது.

1956 பிப்ரவரி 27ஆம் தேதி மவ்லங்கர் காலமானார். மார்ச் 8ஆம் தேதி அய்யங்கார் சபாநாயகரானார். 1957 தேர்தலில் சித்தூர்த் தொகுதியிலிருந்து ஜெயித்து வந்து, மே மாதத்தில் மறுபடியும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வக்கீலுக்கும் சபாநாயகருக்கும் அடிப்படையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வக்கீல் ஒரு தரப்பின் ஆள். அந்தத் தரப்பை விட்டுக் கொடுக்காததே அவருடைய தர்மம். சபாநாயகருக்குத் தரப்பே கிடையாது. நாற்பது வருஷம் ஒரு தரப்புக்காகப் பேசிப் பழகியவர் திடீரென்று பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எம்டன் என்று பெயரெடுத்தவர் துறைமுகக் காவலராக மாற வேண்டும். அதை அவர் நகைச்சுவை உணர்வோடும் முன்மாதிரித் தீர்ப்புகளைப் பற்றிய ஞாபகத்தோடும் சமாளித்தார். சபை கொதிக்கும்போது ஒரு சிரிப்பை வரவழைத்து ஆற்றிவிடுவது அவருக்குக் கைவந்த கலை.

மூன்று நிகழ்ச்சிகள்

அவர் காலத்து நிகழ்ச்சிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது முந்த்ரா விவகாரம். தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தேசியமயமாகி 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. தொடங்கியது. அடுத்த ஆண்டே கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முதலீடு செய்யப்பட்டது. பாலிஸிதாரர்களின் பணம் இப்படிப் போகலாமா என்று 1957 டிசம்பரில் லோக்சபையில் பெரோஸ் காந்தி கேட்டார். அவர் ஆளும் கட்சி உறுப்பினர், அதுவும் பிரதமரின் மாப்பிள்ளை. நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் தம் மந்திரியையே சபையில் கேள்வி கேட்க முடிந்தது அய்யங்கார் ஆசனத்தில் இருந்த காலத்தில்தான்.

இரண்டாவது வரதட்சிணைத் தடைச் சட்டம். மசோதாவின் சில ஷரத்துக்களில் இரு சபைகளும் ஒத்துப்போகவில்லை. ஆகவே 1961 மே 6, 9 தேதிகளில் பாராளுமன்ற வரலாற்றில் முதன்முதலாக இரு சபைகளின் கூட்டுக் கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவர் அனந்தசயனம் அய்யங்கார். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. கல்யாணத்தில் கொடுக்கும் அன்பளிப்பு எது, கேட்டு வாங்கும் வரதட்சிணை எது என்பதில்தான் அப்போது தகராறு. இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அந்தக் கேள்விக்கு நம் வீட்டுக் கல்யாணங்களில் நேர்மையான பதில் வந்திருக்கிறதா என்று ஒவ்வொருவரும் மனத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, அதே 1961 ஆகஸ்டில் பிளிட்ஸ் வாரப் பத்திரிகை ஆசிரியர் கரஞ்சியா சபையின் முன் நிறுத்தப்பட்டுக் கண்டிக்கப்பட்டது. ஆசார்ய கிருபளானியைப் பற்றிய ஒரு கட்டுரை சபையின் உரிமையை மீறியது என்று முடிவாயிற்று. சபையின் சார்பில் கண்டனத்தை வாசித்தவர் சபாநாயகர். பத்திரிகைச் சுதந்திரம் எங்கே முடிகிறது, சபையின் உரிமை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.

இவை தவிர அவருக்கு நெருக்கமான விஷயமும் ஒன்று அந்தச் சபை முன் வந்தது. ஆந்திரத்துக்கும் சென்னைக்கும் இடையே எல்லையை மாற்றும் சட்டம் 1959ல் நிறைவேறி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. பதிலுக்குத் தமிழ்ப் பக்கத்திலிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. தாம் தொழில் நடத்திய ஜில்லா பிரிவதைச் சபாநாயகர் ஆசனத்திலிருந்து பார்க்கும் நிலை அவருக்கு ஏற்பட்டது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே இருந்தன.

பீகாரும் திருப்பதியும்

1962ல் மூன்றாம் முறையாக லோக்சபைக்கு ஜெயித்தும், அந்த ஸ்தானத்தை விட்டு மே மாதத்தில் பீகார் கவர்னராகச் சென்றார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் டாக்டர் ஜாகிர் ஹுசேன். 1966-67ல் பீகாரைக் கொடிய பஞ்சம் வாட்டியது. 1967 தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்து, மகாமாயா பிரசாத் சின்ஹா தலைமையில் கூட்டணி மந்திரிசபை ஏற்பட்டது. வாழ்நாள் முழுவதும் காங்கிரஸ்காரராக இருந்தவர், கவர்னர் என்ற முறையில் முதல் காங்கிரஸ் அல்லாத மந்திரிசபையைப் பதவியில் அமர்த்தினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஓய்வு பெற்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. சபாநாயகராக இருந்தவர் அதன்பின் சர்க்கார் தரும் கவர்னர் பதவியை ஏற்கலாமா என்ற கேள்வி நியாயமானது. பிரிட்டனில் சபாநாயகரானவர் கட்சியை விட்டு விலகிவிடுவார். நம் நாட்டில் அந்த மரபு வேரூன்றவில்லை. அய்யங்காரும் கட்சிச் சீட்டிலேயே தேர்தலில் நின்றார். அடுத்த பதவி சர்க்கார் கையில் இருக்கும்போது இன்றைய ஆசனத்தில் இருப்பவர் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், பார்ப்பவர் மனத்தில் ஐயம் எழத்தான் செய்யும். அவருக்குப் பிறகு வந்த பலரது விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்திருக்கிறது. பெரியோரின் வாழ்க்கையிலிருந்து அவர்கள் தீர்க்காமல் விட்ட கேள்விகளையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வுக்குப் பின் அவர் திரும்பி வந்தது திருப்பதிக்கே. அங்கே 1962ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அஸ்திவாரக் கல் நாட்டிய மத்திய சமஸ்கிருத வித்யாபீடத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்து அதன் வளர்ச்சிக்கு உழைத்தார். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனும் சிறுவயதில் திருப்பதியில் படித்தவர்தான். அந்த வித்யாபீடம் 1987ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, 2020ல் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1978 மார்ச் 19ஆம் தேதி, தமது 87ஆவது வயதில் அனந்தசயனம் அய்யங்கார் காலமானார்.

இளைஞர்களுக்கு

சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பெரிய நகரத்தையும் பெரிய நிறுவனத்தையும் நாடுகிறார்கள். அதில் தவறில்லை. சம்பாதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஜில்லா கோர்ட்டில் இரண்டு மூன்று வருஷமாவது சாட்சிக் கூண்டுக்கு எதிரே நின்று பழகியவருக்குக் கிடைக்கும் அனுபவம் கண்ணாடி அறைகளில் கிடைக்காது. சம்பளம் வராத தொழிலாளியும், கணக்கில் ஏமாந்த கூட்டாளியும், பட்டா இழந்த குடியானவனும் அங்கேதான் நேரில் வந்து நிற்கிறார்கள். சட்டம் யார்மீது எப்படி விழுகிறது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

திருப்பதியிலிருந்து பாகாலா வழியாகச் சித்தூர் போகும் ரயிலில் பயணம் செய்யும் அங்கத்தினர்கள், தரிசனம் முடிந்து திரும்பும் அவசரத்திலும், ஒரு நாள் கோர்ட் வேலை நாளாகப் பார்த்துச் சித்தூர் கோர்ட் பக்கம் போய் வாருங்கள். கறுப்புக் கோட்டும் கட்சிக்காரர் கூட்டமும் மரத்தடிப் பேச்சும் அங்கே உண்டு. பாராளுமன்றத்தை நடத்தக் கற்ற ஒருவர் தம் பாடங்களை அந்தச் சூழலில்தான் படித்தார்.